ஆதிநாராயணன் கொடுத்த முட்டை ஷாம்பு

செஞ்சி காந்தி பஜாரில் ஆதிநாராயணனின் கடையை விசாரிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு யாரும் கையை நீட்டி வழி காட்டுவதில்லை. "நேரா போங்க, வாசனை வரும்" என்பார்கள். சோப்பு, சீயக்காய்த் தூள், ஊதுவத்தி, பவுடர், மஞ்சள், சாந்து, ரிப்பன், வளையல் எல்லாம் பத்தடிக்கு எட்டடி இடத்தில் அடைந்து கிடக்கும். நடுவில் ஒரு மர ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருப்பான். முப்பத்தாறு வயது. ஒல்லி. சோப்பை மூக்கருகில் கொண்டுபோனாலே அது இந்த வருஷத்துச் சரக்கா போன வருஷத்துச் சரக்கா என்று சொல்லிவிடுவான். மூக்கு அப்படி. மனசு அதற்கு நேர்மாறு, எதிலும் நிச்சயப்படாது. மழை பெய்தால் சோப்பு இளகிவிடுமே என்று கவலை, பெய்யாவிட்டால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையாதே, ஜனங்கள் கையில் காசிருக்காதே என்று கவலை.

அறுபத்தாறாம் வருஷம் மாசி மாதம் அவனுக்கு வந்த கவலை அந்த மாதிரிச் சில்லறைக் கவலை அல்ல. அவன் மனைவி வள்ளியம்மைக்கு ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. முதல் குழந்தை பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்தது. இரண்டாவதை விழுப்புரத்துக்குக் கொண்டுபோகிற வழியிலேயே, வாடகைக் காருக்குள் பறிகொடுத்தார்கள். மூன்றாவது தரித்த நாளிலிருந்து ஆதிநாராயணனுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கியது குறைவு.

இந்தத் தடவை அவன் நம்பியிருந்தது ஒரே ஒருத்தியை. பிரசவ விடுதியில் வேலை பார்த்த மருத்துவச்சி செந்தாமரை. ஊரில் நர்ஸம்மா என்றால் தெரியும். கடலூர்ப் பக்கத்துக்காரி. நாற்பது வயதிருக்கும், தனி ஆள். சிங்கவரம், நாட்டார்மங்கலம் என்று எந்த ஊரிலிருந்து ஆள் வந்தாலும் பையை எடுத்துக்கொண்டு நடந்தே கிளம்பிவிடுவாள். வாரத்துக்கு ஒரு தரம் வள்ளியம்மையின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "கொழந்தை நல்லா இருக்குது அண்ணே. நான் இருக்கிறேன் இல்ல?" என்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் அடுத்த ஒரு வாரத்தை ஓட்டுவான்.

நர்ஸம்மா எங்கே போனாலும் கூடவே ஒரு நாய் போகும். பெயர் துரை. யாரோ மாற்றலாகிப் போன அதிகாரி விட்டுவிட்டுப் போன சடைநாய்க்கும் நாட்டு நாய்க்கும் பிறந்தது. வெள்ளை மயிர் காதையும் கண்ணையும் மூடித் தொங்கும். ஆள் இல்லாத பாதையில் தனியாக நடக்கிறவளுக்கு அதுதான் துணை.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததிலிருந்து துரை நாற ஆரம்பித்தது. சாதாரண நாய் நாற்றம் இல்லை. அது தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருக்கிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சிங்கவரத்தில் ஒரு வீட்டில், "நீ வா தாயீ, அது வேலிக்கு அந்தாண்ட நிக்கட்டும்" என்றார்கள். அது நிற்கவில்லை. கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்துக்கொண்டு வந்துவிடும்.

ஆதிநாராயணனின் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தது. வீட்டு நிர்வாகம் அவனுடைய அக்கா சாமுண்டீஸ்வரியின் கையில். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள், ஆசாரம் பார்க்கிறவள்.

"ஆதி, நர்ஸம்மா வரட்டும், நான் வேணாங்கல. அந்த நாய் வாசப்படி ஏறிச்சின்னா நான் சும்மா இருக்க மாட்டேன். புள்ள பொறக்கப் போற வீடு இது."

"அது அவங்களை விட்டு நிக்காது அக்கா."

"அப்போ வேற ஆளைப் பாரு."

வேறு ஆள் என்றதும் ஆதிநாராயணனுக்கு அந்த வாடகைக் கார்தான் கண்முன் வந்து நின்றது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலை நர்ஸம்மா துரையோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நாய்க்குப் போடற மாதிரி ஷாம்பு எதனா இருக்குதா? சோப்பு போட்டுப் பார்த்துட்டேன். சீயக்காய் போட்டேன், கண்ணு செவந்து போச்சு. என்னா பண்ணாலும் நாத்தம் போவல. ஜனங்க என்னையும் சேத்து ஒதுக்கறாங்க."

இருபது வருஷ வியாபாரத்தில் அவனிடம் யாரும் நாய்க்கு ஷாம்பு கேட்டதில்லை. ஷாம்பு என்பதே அந்த ஊருக்குப் புதுசு. அலமாரியைப் பார்த்தான். சீயக்காய் ஆகாது. தலைக்குத் தேய்க்கிற அரப்பு இலைத் தூள் இருந்தது, அதைக் கொடுத்தால் இவ்வளவுதானா என்று நினைப்பாளோ? சிவப்பு கார்பாலிக் சோப்பு காரமானது. மேல் தட்டில் மெட்ராஸ் வியாபாரி ஒருவன் தலையில் கட்டிவிட்டுப் போன மூன்று பாட்டில்கள் தூசி படிந்து நின்றன. மஞ்சளாக ஒரு திரவம், மேலே நீளக் கூந்தல்காரியின் படம். முட்டை ஷாம்பு. அதில் எழுதியிருந்த இங்கிலீஷை அவன் படித்ததில்லை.

ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்து அவளிடம் நீட்டினான்.

"இது நாய்க்கு ஒத்துக்குமா அண்ணே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகம் அவ்வளவு வாடியிருந்தது. அவள் வீட்டுக்கு வர வேண்டும், நாய் நாறாமல் இருக்க வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு.

"பட்டணத்துல நாய்ங்களுக்கெல்லாம் இதான் போடறாங்க. டாக்டருங்களே சொல்றாங்களாம்" என்று சொல்லிவிட்டான்.

அவள் நம்பிக்கையோடு வாங்கிப் போனாள். அவள் தலை மறைந்த மாத்திரத்தில் அவன் மற்ற இரண்டு பாட்டில்களையும் இறக்கி மூடியைத் திறந்து முகர்ந்தான். ரோஜா வாசனை, அதற்கடியில் என்னவோ காட்டமாக ஒன்று. கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தான். மனிதத் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாய்த் தோலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

இரண்டு நாள் நர்ஸம்மா கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். துரையை வாசல் வெயிலில் நிறுத்தி, அதன் வயிற்று மயிரை விலக்கிக் காட்டினாள். தோல் வேனல்கட்டி போட்ட மாதிரி சிவந்து தடித்திருந்தது. நாய் நிற்கிற இடத்தில் நிற்காமல் சொறிந்தது, தலையை உதறியது. ரோஜா வாசனையும் பழைய நாற்றமும் ஒன்றாகக் கலந்து அடிக்க, பக்கத்துக் கடைக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"தெனம் குளிப்பாட்டினேன் அண்ணே. மூணு நாளும். கொறயல, ஏறிக்கினே போவுது. ரெண்டு நாளா சாப்பிடல." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "இங்க மாட்டாஸ்பத்திரி டாக்டரு மேல்மலையனூர் திருவிழாவுக்கு மாட்டு ஊசி போடப் போயிட்டாராம். நாளன்னிக்குக் கடலூருக்கே கூட்டிக்கினு போலாம்னு இருக்கிறேன். ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன்."

ஒரு வாரம்! வள்ளியம்மைக்கு அந்த ஒரு வாரத்துக்குள்தான் நாள் குறித்திருந்தது.

அன்று மத்தியானம் அவன் இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வள்ளியம்மை சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசாதவள். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள் அவள்தான், ஆனால் வீட்டில் பயந்து சாகிறவன் அவனாக இருந்தான்.

"என்னாங்க ஆச்சு?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான், அந்தப் பொய்யையும் சேர்த்து.

"போயி சொல்லிடுங்க. தெரியாம குடுத்துட்டேன்னு."

"கோவிச்சிக்கினு வராம போயிட்டாங்கன்னா?"

"சொல்லலைன்னாலும் கடலூருக்குத்தான போறாங்க? சொல்லிட்டாவது சோறு தின்னுங்க."

மறுநாள் விடிந்ததும் ஒரு பையில் அரப்புத் தூளும் பயத்தம் மாவும் எடுத்துக்கொண்டு நர்ஸம்மாவின் வீட்டுக்குப் போனான். பிரசவ விடுதிக்குப் பின்னால் ஒற்றை அறை, பின்புறம் ஒரு கிணறு. அவள் துரையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நர்ஸம்மா, பட்டணத்துல போடறாங்கன்னு சொன்னேன் இல்ல, அது பொய்யி. யாரும் என்கிட்ட சொல்லல. அந்தப் பாட்டிலை நான் படிச்சிக்கூடப் பார்க்கல."

அவள் அவனையே பார்த்தாள். "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே?"

"சொல்லியிருக்கணும்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்த ஷாம்பு மயிருக்குள்ளயே தங்கியிருக்கும். நல்ல தண்ணியில அலசி எடுத்தா அரிப்பாவது நிக்கும். நான் அலசி விடறேன்."

"நீங்களா?"

அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். அதுவரை அவன் ஒரு நாயைத் தொட்டதில்லை. அவர்கள் வீட்டில் நாய் உரசினால் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். கிணற்றடியில் வெந்நீரைப் பதமாக விளாவி, அரப்பைக் கரைத்து, துரையின் முதுகில் ஊற்றினான். நாய் உறுமியது. நர்ஸம்மா அதன் வாயைப் பிடித்துக்கொண்டாள். முதுகு, வயிறு, கால் என்று வழுவழுப்பு போகிற வரை அலசினான். ஏழெட்டு வாளி தண்ணீர். ரோஜா வாசனை மெல்ல மெல்லக் கரைந்தது.

வாசனை போனதும்தான் அவன் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. முதுகில் நாற்றம் இல்லை. வாலில் இல்லை. காலிடுக்கில் இல்லை. கழுத்துக்கு வந்தபோது இருந்தது. இடது காதருகே முகத்தைக் கொண்டுபோனான், அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டான். காதின் மேல் மயிரை விலக்கக் கை வைத்ததும் துரை வீலென்று கத்தி அவன் மணிக்கட்டில் ஒரு கடி வைத்தது. பல் ஆழமாகப் பதியவில்லை.

"இது அழுக்கு நாத்தம் இல்ல நர்ஸம்மா. காதுல சீழ் வெச்சிருக்குது. நாம தெனம் தலையில தண்ணி ஊத்த ஊத்த உள்ள எறங்கி இன்னும் அழுகியிருக்குது."

அவள் மெல்ல அந்தக் காதைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே கறுப்பும் மஞ்சளுமாகக் கோத்திருந்தது. அதற்கும் உள்ளே ஏதோ இருப்பது போலிருந்தது, கண்ணுக்கு எட்டவில்லை.

"ஊருல இருக்கிற புண்ணையெல்லாம் பார்க்கிறேன்" என்றாள். "என் காலடியில கெடக்கறத பார்க்கலையே." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து அவன் மணிக்கட்டை சோப்புப் போட்டுக் கழுவி, டிங்சர் தடவினாள்.

டாக்டர் மேல்மலையனூரில். திருவிழா பஸ்ஸில் ஆள் ஏறவே இடமில்லை, நாயை யார் ஏற்றுவார்கள்? அவள் குதிரை வண்டி வைத்துக்கொண்டு தானே கிளம்புவதாகச் சொன்னாள். போக வர ஒரு பகல் பூராவும் ஆகிவிடும். வள்ளியம்மை காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை அவன் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"நான் கூட்டிக்கினு போறேன். நீங்க எங்க வீட்டுல இருங்க."

சொல்லிவிட்டு அவனே திகைத்துப் போனான். அவள் நாயையும் அவன் மணிக்கட்டையும் பார்த்தாள்.

"கடிக்குமே அண்ணே."

"கடிச்சது கடிச்சிடுச்சி."

நர்ஸம்மாவோடு வீட்டுக்கு வந்து சொன்னபோது வள்ளியம்மை, "போய்ட்டு வாங்க. இவங்க இருந்தா போதும், நீங்க இருந்து என்னா பண்ணப் போறீங்க?" என்றாள். சாமுண்டீஸ்வரிக்கு நாயோடு தம்பி வண்டி ஏறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ராஜாராம் என்ற வண்டிக்காரன் ஒரு கந்தல் சாக்கை விரித்து, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு குதிரையைத் தட்டினான். மலையனூர்ச் சாலை முழுக்க ஜனம். மாட்டு வண்டிகள், மஞ்சள் துணிக்காரர்கள், ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போகிற ஸ்பெஷல் பஸ்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. ஆதிநாராயணன் துரையின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். போகிற வழி பூராவும் அவன் காதில் வள்ளியம்மையின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது வலி எடுத்திருக்குமோ? இந்தப் புளியமரத்தைத் தாண்டும்போது எடுத்திருக்குமோ? இரண்டு தரம் வண்டியைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தான். இரண்டு தரமும் நாய் அந்தக் காதைச் சாக்கோடு சாய்த்து முனகியது. வாயை மூடிக்கொண்டான்.

கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், மாடுகள் கட்டியிருந்த தோப்பில் கால்நடை டாக்டர் இளையபெருமாள் முழங்கை வரை புழுதியோடு நின்றிருந்தார். நாயைப் பார்த்ததும் எரிந்து விழுந்தார்.

"முன்னூறு மாடு நிக்குது, நீங்க நாயைத் தூக்கிக்கினு வர்றீங்களா?"

"நர்ஸம்மா நாயி டாக்டர். காதுல சீழு. என் சம்சாரம் மாசமா இருக்குது, நர்ஸம்மா அங்க இருக்காங்க, அதான் நான்..." அவனுக்கு வார்த்தை குழறியது.

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். துரையின் வாயைத் துணியால் கட்டினார்கள். ஆதிநாராயணன் அதன் உடம்பைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். நாயின் நெஞ்சும் அவன் நெஞ்சும் ஒரே வேகத்தில் அடித்தன. இடுக்கி உள்ளே போனது, வெளியே வந்தது. அதன் நுனியில் ஒரு ஊசிப்புல், விரல் நகத்தின் நீளம்கூட இல்லை.

"இத்தினியூண்டு புல்லு. சடை மயிரு, உள்ளே பூந்தா வெளியே வராது." சீழைத் துடைத்து மருந்து விட்டுக் காதில் பஞ்சு வைத்தார். "என்னாத்த போட்டுக் குளிப்பாட்டினீங்க? தோலெல்லாம் வெந்து கெடக்குது."

"முட்டை ஷாம்பு டாக்டர். நான்தான் குடுத்தேன். எனக்குத் தெரியாது."

"மனுஷன் தலைக்குப் போடறது அதுக்குக் காரம். அரப்பு போதும், இல்லைன்னா கொழந்தைங்களுக்குப் போடற சோப்பு. மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை. காதுல பஞ்சு வெச்சிட்டுத்தான் தண்ணி ஊத்தணும். தேய்க்கறத விட அலசறதுதான் முக்கியம். இப்போ பத்து நாளைக்குத் தண்ணியே படக் கூடாது."

ஆதிநாராயணன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினான். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது துரை அவன் மடியில் தலையை வைத்துத் தூங்கியது. எத்தனையோ நாளாகத் தூங்காத தூக்கம் போலிருந்தது. அவனுக்கு அந்த நிம்மதி கிட்டவில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணுக்குத் தெரிந்ததும் "வேகமா ஓட்டுப்பா" என்றான். அதற்கு அப்புறம் அதையே பத்து தடவை சொன்னான்.

வெயில் தாழ்ந்து, கடைகளில் விளக்கு ஏற்றுகிற நேரம் வண்டி தெருவுக்குள் திரும்பியது. வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் சாமுண்டீஸ்வரி அழுதுகொண்டிருந்தாள். ஆதிநாராயணனால் வண்டியிலிருந்து இறங்க முடியவில்லை.

"அக்கா..."

"பொண்ணுடா ஆதி!" அவள் ஓடிவந்து வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீ அந்தாண்ட போன ஒரு மணி நேரத்துல வலி எடுத்துடுச்சி. கொடி கழுத்துல சுத்திக்கினு வந்துது. கருநீலமா, அழவே இல்ல. நர்ஸம்மா கொடிய எடுத்துட்டு, வாயில வாய வெச்சி ஊதினாங்கடா. இவங்க மட்டும் இல்லைன்னா..." முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"வள்ளி?"

"நல்லா இருக்குது. உன்னத்தான் கேட்டுக்கினே இருக்குது."

அவன் வண்டிக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். துரை விழித்துக்கொண்டு அவன் கையை நக்கியது. சத்தம் கேட்டு நர்ஸம்மா வெளியே வந்தாள். புடவையெல்லாம் கசங்கி, கையில் இன்னும் ஈரம். நாயைப் பார்த்தாள், காதில் இருந்த பஞ்சைப் பார்த்தாள். "எடுத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான்.

நாற்றம் அன்றைக்கே போய்விடவில்லை. சாமுண்டீஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டுவந்து துரையின் முன் வைத்தாள். தள்ளி நின்று அது குடித்து முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிநாராயணன் அரப்போடும் பஞ்சோடும் கிணற்றடிக்குப் போனான். அதற்கு அப்புறம் அது மாதாந்தர வழக்கமாகிவிட்டது. கடையில் யாராவது, இது ஒத்துக்குமா என்று கேட்டால், தெரிந்தால் தெரியும் என்பான், தெரியாவிட்டால் "தெரியலீங்க, விசாரிச்சி சொல்றேன்" என்பான். அதனால் இரண்டொரு வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போனதும் உண்டு. அவன் கவலைப்படாமல் இல்லை, ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

மகள் தவழ ஆரம்பித்திருந்த சமயம் நர்ஸம்மாவுக்குப் பண்ருட்டிக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆதிநாராயணன் ஒரு பொட்டலம் அரப்பைக் கொடுத்து, குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு வைக்க வேண்டும் என்று அவளுக்கே நாலு தரம் சொன்னான். வள்ளியம்மை இடுப்பில் குழந்தையோடு நின்று சிரித்தாள். துரை சீட்டுக்கடியில் புகுந்துகொண்டது. பஸ் நகர்ந்ததும் அவனுக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. பஞ்சைப் பொட்டலத்தில் வைத்தேனா, கடையிலேயே மறந்துவிட்டேனா?

"வெச்சீங்க. நான் பார்த்தேன்" என்றாள் வள்ளியம்மை.

"நெஜமா?"

"நெஜமா" என்று சொல்லிவிட்டு அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.